உறையைப் பிரித்த பிறகு

2020 டிசம்பருக்குள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அதிபர் தேர்தல் வாக்குகளை மூன்று முறை எண்ணி முடித்திருந்தார்கள். முதலில் இயந்திரம். அடுத்து, ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் கையால். பிறகு டிரம்ப் தரப்பு கேட்டதால் மறுபடியும் இயந்திரம். மூன்றிலும் பைடன்தான் முன்னால். கடைசிக் கணக்கில் வித்தியாசம் 11,779. அதற்குப் பிறகும் சத்தம் அடங்கவில்லை, கோரிக்கை மட்டும் மாறியது. எண்ணியது போதும், தபால் வாக்குகளின் கையெழுத்தைச் சரிபாருங்கள் என்றார்கள்.

டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸில் இருக்கும் என் பெரியப்பா மகன் அந்த வாரம் போன் செய்தார். அவர் டிரம்ப் ஆதரவாளர். ஆனால் கத்துகிற ஆள் இல்லை, கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். "தம்பி, ஒரு கட்டுல கள்ள நோட்டு கலந்திருக்குன்னு வச்சுக்க. மூணு தடவை எண்ணு, முப்பது தடவை எண்ணு, தொகை சரியாத்தான் வரும். அதுக்காக அது நல்ல நோட்டாயிடுமா?"

கேள்வி நியாயமானதுதான். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் நம் ஆட்கள் கூடிய இடத்திலெல்லாம் அந்த மாதம் இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கட்சிக்காரர்கள் சொன்ன பதில்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் "எல்லாம் மோசடி" என்றது. மறுபக்கம் "தபால் வாக்கில் மோசடி நடக்கவே வாய்ப்பில்லை" என்றது. இரண்டாவதும் உண்மையில்லை. தபால் வாக்கு மோசடி அமெரிக்காவில் நடந்திருக்கிறது, பிடிபட்டிருக்கிறது, தேர்தலே ரத்தாகியிருக்கிறது. அது எப்படிப் பிடிபட்டது என்பதைப் பார்த்தால்தான் 2020-ல் கேட்கப்பட்டது எவ்வளவு வினோதமான கோரிக்கை என்று புரியும்.

முதலில் உறை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. தபாலில் வரும் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. பெயரும் கையெழுத்தும் வெளி உறையில்தான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தில் அந்த உறையை எடுத்து, பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். சரியென்றால் உங்கள் பெயருக்கு நேரே குறித்துவிட்டு, உறையைப் பிரித்துச் சீட்டை எடுத்து, மற்றச் சீட்டுகளோடு கலந்துவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து எந்தச் சீட்டு எந்த உறையில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ரகசிய வாக்கு வேண்டுமென்றால் அந்த நூலை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே உறையைப் பிரித்த பிறகு கையெழுத்தைச் சரிபார்த்து, போலியென்று தெரிந்தாலும், அந்த வாக்கை எடுத்து வெளியே போட வழி கிடையாது. உறைகள் பத்திரமாக இருக்கும். அவற்றைத் திரும்பப் பார்க்கலாம், எத்தனை தப்பு நடந்தது என்று எண்ணலாம். ஆனால் அந்தத் தப்பு யாருக்குச் சாதகமாகப் போனது என்று அந்த உறை சொல்லாது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கண்டுபிடிக்கவே முடியாதுங்கிற" என்றார். கண்டுபிடிக்கலாம், வேறு வழியில்.

அதற்கு முன்னால், கையெழுத்து ஒப்பீடு எப்படிப்பட்ட காவல் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

அம்மா தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே குடியுரிமை வாங்கி, வாக்காளராகப் பதிந்து, கோவிட் பயத்தில் 2020-ல் தபாலில் வாக்களித்தார். சில நாளில் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம்: உங்கள் உறையில் உள்ள கையெழுத்து எங்களிடம் இருப்பதோடு பொருந்தவில்லை. தேர்தல் முடிந்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு அனுப்பினால் வாக்கு ஏற்கப்படும், இல்லாவிட்டால் இல்லை.

பொருந்தாததில் ஆச்சரியமில்லை. அவர்களிடம் இருந்த மாதிரி, அடையாள அட்டை வாங்கும்போது ஒரு சின்ன மின்னணுப் பலகையில் பிளாஸ்டிக் குச்சியால் போட்டது. அது பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எழுதின மாதிரி இருந்திருக்கும். உறையில் போட்டது மேசையில் உட்கார்ந்து, நிதானமாக, பேனாவால். போதாக்குறைக்கு இடையில் விரல் மூட்டு வலி வேறு வந்துவிட்டது. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்க ரேங்க் கார்டு முழுக்க என் கையெழுத்துதான். இது என்னுது இல்லேன்னு சொல்ல இவன் யாருடா?"

படிவத்தை நிரப்பி அனுப்பினோம். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மாநில வாக்காளர் பக்கத்தில் வந்தது. எனக்கு ஸ்கேன் செய்யத் தெரியும், கடிதத்தின் ஆங்கிலம் புரியும், அதனால் ஆயிற்று. பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு கிழவியின் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

கையெழுத்து நிபுணர் என்பது தனித் தொழில். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், பல காலகட்டங்களில் போட்ட பல கையெழுத்துகளைக் கேட்பார்கள். தேர்தல் அலுவலகத்தில் ஒப்பிடுகிறவர் சில மணி நேரப் பயிற்சி பெற்ற பருவகால ஊழியராகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும்: நல்ல கையெழுத்தைப் பொய் என்பார்கள். அது யார் மேல் விழுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாருமே தபாலில்தான் வாக்களிக்கிறார்கள். அங்கே மாநிலத் தணிக்கையாளர் 2020 பொதுத்தேர்தல் உறைகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், கறுப்பின வாக்காளர்களின் வாக்குகள் வெள்ளையர்களுடையதைப்போல் நான்கு மடங்கு விகிதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஊழியர்கள் வேண்டுமென்று பாகுபாடு காட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இளைஞர்களின் வாக்கும் எங்கும் அதிகமாக நிராகரிக்கப்படுகிறது. இப்போதைய பிள்ளைகள் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள்? கடையில் அட்டையைத் தேய்த்துவிட்டுத் திரையில் விரலால் ஒரு கோடு இழுப்பதோடு சரி.

நாடு முழுவதும் 2020-ல் நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் ஏறக்குறைய 5.6 லட்சம். வந்தவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8 சதவீதம். அதில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்துப் பொருந்தாதது. அத்தனை பேரும் திருடர்கள் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

சரி, ஜார்ஜியாவுக்கு வருவோம். கோரிக்கை வலுத்ததும், தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் காப் கவுண்டியில் உறைகளைத் தணிக்கை செய்ய உத்தரவிட்டார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், டிரம்புக்கு வாக்களித்தவர்தான். மாநிலப் புலனாய்வுத் துறையான ஜிபிஐயின் ஆட்களும் தேர்தல் விசாரணையாளர்களும் சேர்ந்து, அந்தக் கவுண்டிக்கு வந்த உறைகளில் பத்தில் ஒரு பங்கை, 15,118 உறைகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டிசம்பர் 29 அன்று முடிவு வந்தது. மோசடி ஒன்றுகூட இல்லை. ஏற்றிருக்கக் கூடாதவை இரண்டு. ஒன்றில் கணவரின் உறையில் மனைவி கையெழுத்திட்டிருந்தார். இன்னொன்றில் வாக்காளர் உறையின் முன்பக்கம், தப்பான இடத்தில் போட்டிருந்தார். இரண்டையும் அந்த வாக்காளர்களிடமே அனுப்பிச் சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "காப்ல பார்த்தா எப்படி? அட்லாண்டா இருக்கிற ஃபுல்டன்ல பார்க்கச் சொல்லு" என்றார். இங்கேதான் எனக்குப் பொறுமை குறைய ஆரம்பித்தது. எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். ஜனவரி 2 அன்று டிரம்ப் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்தால் போதும் என்று சொன்னது பிறகு உலகமே கேட்ட ஒலிப்பதிவு. வித்தியாசத்தைவிட ஒன்று கூட.

இனி, உண்மையான மோசடிக்கு வருகிறேன். அடுத்த மாநிலம்தான், வட கரோலினா. 2018 நவம்பர். ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் டான் மெக்ரெடியைவிட 905 வாக்குகள் முன்னால் இருந்தார். மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை உறுதி செய்ய மறுத்துவிட்டது. பிளேடன் என்ற கிராமப்புறக் கவுண்டியில் ஏதோ சரியில்லை.

என்ன சரியில்லை என்பதை எண்கள்தான் முதலில் காட்டின. பிளேடனில் திரும்பி வந்த தபால் வாக்குகளில், வாக்காளர் பட்டியலில் குடியரசுக் கட்சியினராகப் பதிவு செய்தவர்களுடையது 19 சதவீதம்தான். ஹாரிஸுக்குக் கிடைத்ததோ 61 சதவீதம். கட்சி சாராதவர்கள் அத்தனை பேரும் அவருக்கே போட்டு, அதற்கு மேலும் ஜனநாயகக் கட்சியினர் கொஞ்சம் பேர் போட்டிருந்தால்தான் அப்படி வரும். தொகுதியின் வேறு எந்தக் கவுண்டியிலும் தபால் வாக்கில் அவர் ஜெயிக்கவில்லை. பக்கத்து ரோப்சன் கவுண்டியில் வாங்கப்பட்ட தபால் வாக்குச்சீட்டுகளில் திரும்பி வராதவை ஏராளம்.

நடுவில் இருந்தவர் லெஸ்லி மெக்ரே டவுலஸ். உள்ளூர் தேர்தல் தரகர். முன்பு மோசடி வழக்கில் சிறை சென்றவர். மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும்கூட. ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது அவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். 2016-ல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் குடியரசுக் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் அவர் வேறொரு வேட்பாளருக்காக வேலை பார்த்தார். பிளேடன் தபால் வாக்குகளில் அந்த வேட்பாளருக்கு 221. ஹாரிஸுக்கு 4. பதவியில் இருந்தவருக்கு 1. இதைப் பார்த்து ஹாரிஸ் செய்த வேலை, அடுத்த முறைக்கு டவுலஸைத் தானே அமர்த்திக்கொண்டது. நம்மூர்த் தேர்தல் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

2019 பிப்ரவரியில் ராலே நகரில் நாலு நாள் விசாரணை நடந்தது. டவுலஸின் முன்னாள் மனைவியின் மகளான ஒரு பெண் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். வீடு வீடாகப் போய் தபால் வாக்குக்கு விண்ணப்பம் வாங்கியது. சீட்டு வந்ததும் மறுபடி போய், சிலரிடம் உறை ஒட்டாமலே வாங்கி வந்தது. நிரப்பாமல் விட்ட சின்னப் பதவிகளுக்குத் தாங்களே குறியிட்டது. சாட்சிக் கையெழுத்தில் தன் பெயர் அதிகம் வந்துவிடக் கூடாதென்று தன் அம்மா பெயரைத் தானே போட்டது. வாக்காளர் எந்த மையில் எழுதினாரோ அதே மையில் சாட்சியும் போட்டது. ஒன்பது பத்து உறைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் தபாலில் சேர்க்காமல், அதுவும் வாக்காளர் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்திலேயே சேர்த்தது.

வட கரோலினாவில் பிறர் வாக்குச்சீட்டைச் சேகரிப்பது, நெருங்கிய உறவினர் தவிர மற்றவர்களுக்கு, பெருங்குற்றம். ஒவ்வொரு உறைக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் கட்டுப்பாடுகளைத் தாண்டித்தான் இது நடந்தது. இதில் எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. வாக்காளர் கையெழுத்தை ஒப்பிட்டிருந்தாலும் அந்த உறைகளில் பெரும்பாலானவை தேறியிருக்கும். ஏனென்றால் கையெழுத்து வாக்காளருடையதே. ஏமாந்து கொடுத்தவர், நம்பிக் கொடுத்தவர், அவரே போட்டது. தரகருக்குப் போலிக் கையெழுத்தே தேவைப்படவில்லை. அம்மாவை நிறுத்தி வைத்த அந்தச் சோதனை டவுலஸைத் தொட்டிருக்காது.

விசாரணையின் மூன்றாம் நாள் ஹாரிஸின் மகன் ஜான் சாட்சி சொன்னார். அவர் மத்திய அரசு வழக்கறிஞர். 2016 எண்களைப் பார்த்து, இந்த ஆளோடு சேராதீர்கள் என்று அப்பாவை முன்கூட்டியே எச்சரித்ததாகச் சொன்னார். மின்னஞ்சல்களும் வெளிவந்தன. அப்பா நீதிமன்றம்போல் அமைந்திருந்த அந்த அறையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் அவரே எழுந்து, மறுதேர்தல் நடத்துங்கள் என்றார். வாரியம் 5-க்கு 0 என்று அதற்கே வாக்களித்தது. செப்டம்பரில் நடந்த மறுதேர்தலில் ஹாரிஸ் நிற்கவில்லை. அவர் கட்சியின் டான் பிஷப் ஜெயித்தார். டவுலஸ் 2022-ல் வழக்கு முடியுமுன்பே இறந்துபோனார். ஹாரிஸ் 2024-ல் வேறு தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போய்விட்டார். அரசியலில் ஞாபகம் அவ்வளவுதான்.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரையும் பார்க்க வேண்டும். 2023-ல் அந்தக் கட்சிக்குள்ளேயே நடந்த மேயர் முதற்கட்டத் தேர்தலில், ஒரு பெண்மணி வாக்குப் பெட்டிக்குள் கட்டுக் கட்டாக உறைகளைப் போடுவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. நீதிபதி முடிவை ரத்து செய்து மீண்டும் நடத்தச் சொன்னார். 2020 மே மாதத்தில் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகராட்சித் தேர்தலில், பக்கத்து ஊர்த் தபால் பெட்டி ஒன்றில் நூற்றுக்கணக்கான உறைகள் கட்டாகக் கிடந்தன. அங்கும் மறுதேர்தல். எல்லாமே சின்னத் தேர்தல், சின்ன வித்தியாசம். எண்ணிக்கையில் இருந்த கோணல், கேமரா, தபால்காரரின் சந்தேகம், கூட்டாளியின் வாக்குமூலம், இவைதான் காட்டிக்கொடுத்தன. பத்துப் பேர் சேர்ந்து சில நூறு உறை திருடினாலே இவ்வளவு தடயம் விழுகிறது. ஒரு மாநிலத்தில் 12,000 வாக்கு வித்தியாசத்தைப் புரட்ட எத்தனை பேர் வாய் மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

2020 தேர்தலுக்குப் பிறகு அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் போட்டி கடுமையாக இருந்த ஆறு மாநிலங்களிலும் கவுண்டி கவுண்டியாக விசாரித்து, மோசடியாக இருக்கக்கூடிய வாக்குகள் 475-க்கும் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஆறிலும் சேர்த்து பைடனின் முன்னிலை 3,11,257. நீதிமன்றத்துக்குள் போனால் மோசடி என்ற வார்த்தையே பல வழக்குகளில் காணாமல் போனது. பென்சில்வேனியாவில் மத்திய நீதிபதி முன் நின்ற டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, இது மோசடி வழக்கு அல்ல என்று தன் வாயாலேயே சொன்னார். மேல்முறையீட்டில் தீர்ப்பெழுதிய ஸ்டெஃபனோஸ் பிபாஸ், டிரம்ப் நியமித்த நீதிபதி. ஒரு தேர்தலை நியாயமற்றது என்று சொல்வதாலேயே அது அப்படி ஆகிவிடாது, குறிப்பான குற்றச்சாட்டு வேண்டும், பிறகு நிரூபணம் வேண்டும், இங்கே இரண்டும் இல்லை என்று எழுதினார்.

அந்த 475-க்குள் என்ன மாதிரி ஆட்கள் என்பதற்கு லாஸ் வேகாஸ் ஆள் ஒருவர் போதும். அவர் மனைவி 2017-லேயே இறந்துவிட்டார். 2020-ல் அந்த மனைவியின் பெயரில் தபால் வாக்கு பதிவாகியிருந்தது. கையெழுத்துச் சோதனையிலும் தேறியிருந்தது. கணவர் தொலைக்காட்சியில் தோன்றி, யாரோ திருடிவிட்டார்கள், அருவருப்பாக இருக்கிறது என்றார். நெவாடா குடியரசுக் கட்சி அதைப் பெரிய ஆதாரமாகப் பரப்பியது. ஓராண்டு கழித்து வழக்கு வந்தது, கணவர் மேலேயே. அந்த உறையில் மனைவி பெயரில் போட்டனுப்பியவர் அவர்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டார். செத்தவர் வாக்களித்த கதை உண்மை என்று அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் இதுவும் ஒன்று. முடிவைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன.

நம் ஆட்களுக்கு இந்தக் கதையில் ஒரு பெருமையும் வைத்திருந்தது விதி. இமெயிலைக் கண்டுபிடித்த தமிழர் என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி வருவாரே, சிவா அய்யாதுரை. அந்தக் கண்டுபிடிப்பு உரிமை பற்றிய சண்டை தனிக்கதை, அதற்குள் போகவில்லை. 2021-ல் அரிசோனா மாநிலச் செனட், மாரிகோப்பா கவுண்டியின் 2020 தேர்தலைச் சைபர் நிஞ்சாஸ் என்ற நிறுவனத்தை வைத்து மறுஆய்வு செய்தது. சீட்டில் மூங்கில் நார் இருக்கிறதா, ஆசியாவிலிருந்து கடத்தி வந்ததா என்றுகூடப் பார்த்தார்கள். கடைசியில் அவர்கள் கையால் எண்ணியதில் பைடனுக்கு 99 கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது. அதே ஆய்வில் உறைகளின் ஸ்கேன் பிம்பங்களை அலசும் வேலை அய்யாதுரையிடம் போனது. 17,126 வாக்காளர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறைப் பிம்பங்கள் இருக்கின்றன என்று அவர் செனட்டில் திரையிட்டுக் காட்டினார். இரட்டை வாக்கு என்று ஊரெல்லாம் தீப்பிடித்தது.

கவுண்டி சொன்ன விளக்கம் இதுதான். கையெழுத்து இல்லாத, அல்லது சந்தேகமான உறை வந்தால் முதலில் ஒரு பிம்பம் எடுப்பார்கள். வாக்காளரைத் தொடர்புகொண்டு சரிசெய்த பிறகு அதே உறையை மறுபடி ஒரு பிம்பம் எடுப்பார்கள். பிம்பம் இரண்டு, உறை ஒன்று, எண்ணப்பட்ட வாக்கு ஒன்று. என் அம்மா அரிசோனாவில் இருந்திருந்தால், படிவம் நிரப்பிப் போராடி வாங்கிய அவருடைய ஒற்றை வாக்கும் அய்யாதுரையின் பட்டியலில் மோசடியாக நின்றிருக்கும். சோதனை ஒழுங்காக நடந்ததற்கான சுவடே மோசடிக்கான ஆதாரமாகக் காட்டப்பட்டது. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தமிழர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்த சுற்றும் மாரிகோப்பாவில்தான். 2022 ஆளுநர் தேர்தலில் கேட்டி ஹாப்ஸிடம் 17,117 வாக்குகளில் தோற்ற கேரி லேக், கையெழுத்துகளை ஊழியர்கள் பார்க்கவே இல்லை, மூன்று நொடிக்குள் தட்டிவிட்டுப் போனார்கள் என்று வழக்காடினார். ஒரு ஊழியர் திரையில் மளமளவென்று அழுத்திக்கொண்டே போகும் வீடியோவும் காட்டப்பட்டது. நீதிபதி பீட்டர் தாம்சன் 2023 மே மாதம் தள்ளுபடி செய்தார். சட்டம் ஒப்பிடு என்கிறது, ஒரு நொடி, மூன்று நொடி, ஆறு நொடி என்று எந்த அளவும் அதில் இல்லை என்றார். சட்டப்படி சரி. ஆனால் மூன்று நொடியில் அம்மாவின் கையெழுத்தைப் பற்றி ஒருவர் என்ன தெரிந்துகொள்வார் என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. லேக்கின் கேள்வியில் பாதி நல்ல கேள்விதான். அதைத் தோற்ற தேர்தலைப் புரட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தியதுதான் பிரச்சினை.

அம்மாவுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குப் போகும்போதெல்லாம் தபால் வாக்குதான், உறுதிமொழிப் படிவத்தில் கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும் என்று அலைந்தவர். ராதாபுரம் வழக்கை நினைவுபடுத்தியதும் அவர்தான். 2016-ல் அங்கே அதிமுகவின் இன்பதுரையிடம் திமுகவின் அப்பாவு தோற்றது 49 வாக்கில். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் வாக்குகளை ஒதுக்கிவிட்டார்கள். 2019-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே அடுத்த தேர்தல் வந்துவிட்டது. "எங்க ஹெச்.எம். கையெழுத்து செல்லாதுன்னாங்க அங்க. என் கையெழுத்தே செல்லாதுங்கிறான் இங்க" என்றார் அம்மா. ராதாபுரத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒதுக்கப்பட்ட வாக்குகள் தனியாக இருந்தன, உறை எது, படிவம் எது என்று கையில் இருந்தது. அதனால் திரும்ப எண்ண முடிந்தது. நிராகரித்ததைத் திரும்ப எடுக்கலாம். ஏற்றுக் கலந்ததை எடுக்க முடியாது.

ஜார்ஜியாவில் 2021 மார்ச்சில் எஸ்பி 202 என்ற சட்டம் வந்தது. கையெழுத்து ஒப்பீடு போய், டிரைவிங் லைசென்ஸ் எண் அல்லது மாநில அடையாள அட்டை எண் வந்தது. இந்தச் சட்டம் கொண்டுவரப்பட்ட காரணம் எனக்குப் பிடிக்கவில்லை, அதில் உள்ள வேறு பல பிரிவுகளும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த ஒரு மாற்றம் சரியென்றுதான் நினைக்கிறேன், இதைச் சொன்னதற்காக இங்குள்ள சில நண்பர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எண் பொருந்துகிறதா இல்லையா என்பதில் ஊழியரின் கண்ணுக்கு வேலை கிடையாது, மூட்டு வலிக்கும் வேலை கிடையாது. எண் முறையும் சொதப்பும் என்பதற்கு டெக்சஸ் இருக்கிறது. அங்கே எண்ணைக் கட்டாயமாக்கிய பிறகு நடந்த 2022 மார்ச் முதற்கட்டத் தேர்தலில் தபால் வாக்குகளில் ஏறக்குறைய 12 சதவீதம் நிராகரிக்கப்பட்டது. எண் எழுதும் கட்டத்தை உறையின் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். எழுதியவர்களிலும் சிலருக்கு, எப்போதோ பதிந்தபோது கொடுத்த எண் வேறு. அங்கே தபாலில் வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்கள். அண்ணனின் மாமனார் உட்பட. அவர் பெயரைச் சொன்னால் அண்ணன் இப்போதும் பேச்சை மாற்றுவார்.

ஜார்ஜியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு, குறிப்பாக வயதான பெற்றோர் வாக்களிக்கும் வீடுகளுக்கு, நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். உறையில் லைசென்ஸ் அல்லது அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் அவர்களை எழுதச் சொல்லிவிட்டு, அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். பிறந்த தேதி எழுதும் இடத்தில் இன்றைய தேதியைப் போடுவது நம் பெரியவர்களிடம் சகஜம். நம்மூர்ப் பழக்கத்தில் நாளை முன்னால் எழுதிவிடுவதும் உண்டு, இங்கே மாதம்தான் முதலில். அவர்கள் உறையில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம், காப் கவுண்டி மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தினர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதியெல்லாம் கணக்கில் வராது. அனுப்பிய பிறகு மாநில வாக்காளர் பக்கத்தில் பெயரைப் போட்டு, ஏற்றார்களா என்று பாருங்கள். ஏதாவது குறையென்றால் வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.